தட்டு இருக்கிறது, திறவுகோல் எங்கே?

சென்ற கார்த்திகைத் தீபத்திற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. திருவண்ணாமலையில் எங்கள் தெரு முழுவதும் விருந்தினர் கூட்டம். எதிர்வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒரு குறுந்தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சார், இது எங்கள் மாமா காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் விளையாட்டு. பரணில் கிடந்தது. இதன் தொடக்கத்தில் வரும் படம் பிரமாதமாக இருக்கும் என்கிறார் மாமா. போட்டால் ஒன்றுமே வரவில்லை. தட்டு கெட்டுப்போய்விட்டதா?"

தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கணிப்பொறியில் செருகினால், அதிலுள்ள கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஆனால் விளையாட்டுதான் ஓடவில்லை. இதில் வியப்பில்லை. பழைய 16 பிட் விண்டோஸ் நிரல்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை.

"விளையாட்டு ஓடாவிட்டால் போகிறது. அந்தப் படத்தை மட்டுமாவது பார்க்க முடியாதா சார்?" என்று கேட்டான் அவன்.

அந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். படம் இருக்கிறது, அது பதிந்த தட்டு இருக்கிறது, அத்தட்டை விலை கொடுத்து வாங்கியவரும் இருக்கிறார். ஆயினும் படத்தைக் காண முடியவில்லை. இதென்ன நியாயம்?

முதல் நான்கு எண்கள்

அத்தட்டில் படம் இருந்த கோப்பின் பெயர் 'எஸ்.எம்.கே.' என்ற மூன்று எழுத்துகளில் முடிந்தது. கோப்பில் உள்ளவற்றை வெறும் எண்களாகக் காட்டும் சிறிய நிரல் ஒன்றில் அதைத் திறந்தோம். எந்தக் கோப்பும் அடிப்படையில் 0 முதல் 255 வரையிலான எண்களின் நீண்ட வரிசையே. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட்.

முதல் நான்கு எண்கள்: 83, 77, 75, 50. கணிப்பொறிகள் ஆங்கில எழுத்துகளுக்கு வழங்கும் எண் அட்டவணையைப் பார்த்தால், இவை எஸ், எம், கே என்ற எழுத்துகளும் 2 என்ற இலக்கமும் ஆகும். இதுவே அக்கோப்பின் கையொப்பம். 'ஸ்மாக்கர்' என்னும் முறையில் சுருக்கப்பட்ட படம் என்பது இதன் பொருள். அமெரிக்காவிலுள்ள ராட் கேம் டூல்ஸ் என்ற நிறுவனம் 1994-இல் கொணர்ந்த முறை இது. அக்காலக் கணிப்பொறி விளையாட்டுகள் பலவற்றில் இது கையாளப்பட்டது. அதே நிறுவனம் 1999-இல் 'பிங்க்' என்ற அடுத்த முறையை வெளியிட்டது.

அடுத்த நான்கு எண்கள்: 64, 1, 0, 0. இங்கு சிறிய மதிப்புடைய எண் முதலில் வரும். 64 + (1 × 256) = 320. இது படத்தின் அகலம். அடுத்து 200, 0, 0, 0. இது படத்தின் உயரம். அதற்கடுத்து 132, 3, 0, 0. இதனைக் கணக்கிட்டவன் மாணவனே. "132 கூட்டல் 768, தொள்ளாயிரம் சார்!" என்றான். ஆம், மொத்தம் 900 படங்கள். அதன் பின் 100, 0, 0, 0. ஒரு படம் திரையில் நிற்கும் நேரம் 100 மில்லிவிநாடி. எனவே விநாடிக்கு 10 படங்கள். 900 படங்களுக்கு 90 விநாடிகள்.

படத்தை இன்னும் காணவில்லை. அதற்குள் அதன் நீளம், அகலம், ஓடும் நேரம் ஆகியவற்றை அறிந்துவிட்டோம்! பூட்டிய பெட்டியைக் குலுக்கிப் பார்த்து உள்ளே இருப்பது காசா, கல்லா என்று சொல்வதைப் போன்றது இது. அறிவியல் தொடங்குவது இங்கேதான்.

ஏன் சுருக்க வேண்டும்?

படத்தை நேராகவே பதிந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 320 × 200 = 64,000 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட் என்றால் ஒரு படத்திற்கு 64,000 பைட். விநாடிக்கு 10 படம் என்றால் 6,40,000 பைட். முதலில் வந்த குறுந்தகடு இயக்கிகள் விநாடிக்கு 1,53,600 பைட்தான் படித்தன. தேவையில் கால் பங்குகூட இல்லை. அது மட்டுமன்று, 650 மெகாபைட் கொள்ளும் முழுத் தட்டும் 18 நிமிடப் படத்திற்குக்கூடப் போதாது. ஒலிக்கு இடமே இராது.

எனவே சுருக்கியே ஆக வேண்டும். எப்படிச் சுருக்குவது? எங்கள் ஊர்த் தீபத்தையே எடுத்துக்கொள்வோம். மலை உச்சியில் கொப்பரையில் தீபம் எரிவதைப் படம் பிடிக்கிறீர்கள். மலை அசையாது. இருண்ட வானமும் மாறாது. சுடர் மட்டுமே அசையும். படத்தை 4 × 4 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்தால் 320 × 200 அளவுள்ள படத்தில் 4,000 கட்டங்கள் இருக்கும். சுடர் ஐம்பது கட்டங்களில் அடங்கிவிடும் என்று கொள்வோம். மீதி 3,950 கட்டங்களுக்கும் 'முன்பு இருந்தபடியே இருக்க' என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். ஒரே நிறமாயுள்ள கட்டத்திற்கு அந்த நிறத்தை ஒரு முறை சொன்னால் போதும். ஸ்மாக்கர் செய்வது ஏறத்தாழ இதுதான்.

இதன் மேல் இன்னொரு சிக்கனமும் உண்டு. அடிக்கடி வரும் குறிப்புக்குக் குறுகிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு என்பது அது. தந்தியில் ஆங்கில 'இ' எழுத்திற்கு ஒரே புள்ளி வைத்தார்கள் அல்லவா? அதே கருத்துதான். இதற்குச் சீரான கணித முறையை 1952-இல் டேவிட் ஹஃப்மன் வகுத்தார். எங்கள் மாணவனின் கோப்பு, இவ்விரு சிக்கனங்களாலும் ஏறத்தாழ 5 கோடியே 76 இலட்சம் பைட்டிலிருந்து 60 இலட்சம் பைட்டாகக் குறைந்திருந்தது.

சுருக்குவது குற்றமில்லை. சுருக்கிய விதத்தை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

திருமணத் தட்டும் விளையாட்டுத் தட்டும்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எளிய சோதனை செய்யலாம். 2000-ஆம் ஆண்டையொட்டி நம் ஊர்களில் நடந்த திருமணங்களை வீடியோ சி.டி.யில் பதிந்து கொடுத்தார்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் உங்கள் சித்தப்பா அல்லது அத்தையின் திருமணத் தட்டு ஒன்று இருக்கக்கூடும். அது கீறலின்றி இருந்து, தட்டைப் படிக்கும் இயக்கியும் கிடைத்தால், இன்றைய கணிப்பொறியிலும் ஓடும். காரணம், அதில் கையாளப்பட்ட எம்பெக்-1 என்ற முறை 1993-இல் உலகத் தர நிறுவனத்தால் தரவரையாக வெளியிடப்பட்டது. அதன் விதிகளை விலை கொடுத்தேனும் எவரும் வாங்கிப் படிக்கலாம்; படித்து, இயக்கும் நிரல் ஒன்றைத் தாமே எழுதலாம். தட்டைத் தயாரித்த கடை மூடப்பட்டாலும் தாலி கட்டும் காட்சி மறையாது.

அதே காலத்து விளையாட்டுத் தட்டின் நிலை வேறு. அதன் சுருக்க விதிகளை நிறுவனம் வெளியிடவில்லை. படத்தை ஓட்டிக் காட்டும் கருவியை அந்நிறுவனமே பின்னாளில் விலையின்றி வழங்கியது உண்மை. அதற்காக அதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் கருவி வேறு, விதி வேறு. சமைத்த சோறு தருபவரை நம்பி எத்தனை நாள் இருக்க முடியும்? நெல்லும் நிலமும் நம்மிடம் இருந்தால்தானே கவலையின்றி இருக்கலாம்?

இந்த நோய் தமிழர்க்குப் புதிதன்று. 1990-களில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தம் விருப்பப்படி எண்களை வழங்கினர். ஒருவர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதம் மற்றவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தெரிந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு பொதுக் குறியீட்டைப் பரிந்துரைத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவற்றில் எவ்வளவோ, இன்றும் மாற்றித் தருவாரின்றிக் கிடக்கின்றன.

நானும் இழந்தவனே. முதுகலைக்குப் பின் ஆய்வு செய்த நாளில் நாற்பது மாதிரிகளின் நிறமாலைகளைப் பதிந்தேன். ஆய்வுக் கூடத்துக் கருவி தனக்கே உரிய ஒரு கோப்பு முறையில் அவற்றை எழுதி வைத்தது. சில ஆண்டுகளில் அக்கருவியோடு வந்த கணிப்பொறி பழுதாயிற்று; அந்த நிரலும் பின்னர் எங்கும் கிடைக்கவில்லை. அக்கோப்புகளை இன்றும் வைத்திருக்கிறேன். தாளில் அச்சிட்டு வைத்த மூன்று நிறமாலைகளே எனக்கு மிஞ்சியவை. முப்பத்தேழின் எண்கள் என் கண் முன்னே இருக்கின்றன. என்னால் படிக்க முடியவில்லை. அன்று ஒரு நொடி செலவழித்து, எண்களை வெறும் அட்டவணையாகவும் சேமித்திருந்தால் போதும். அந்த அறிவு அப்போது எனக்கு இல்லை.

நடுகல்லைப் படித்தவர்கள்

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் இருக்கிறது. அப்பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்தன. ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்ட வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை பல. அவற்றில் உள்ள எழுத்து வட்டெழுத்து. அக்கற்களின் அருகே ஆடு மேய்த்த நம் முன்னோர் எத்தனையோ தலைமுறையாக அவற்றைப் பார்த்திருப்பார்கள், படிக்கத்தான் தெரியாது. எழுத்து அழியவில்லை, எழுத்தின் திறவுகோல் மக்களிடமிருந்து மறைந்திருந்தது. அறிஞர்கள் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டு, பொறுமையாகப் படித்தார்கள். தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. அதன் பின்னரே அவ்வீரர்களின் பெயர்கள் நமக்கு மீண்டும் கிடைத்தன.

கணிப்பொறித் துறையிலும் இத்தகைய கல்வெட்டு அறிஞர்கள் உண்டு. 2000-இல் ஃபிரான்சு நாட்டு நிரலர் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்ற நிரல் தொகுதி இன்று பல நாட்டு ஆர்வலர்களால் வளர்க்கப்படுகிறது. அவர்கள் விதிகள் வெளியிடப்படாத கோப்புகளை ஆராய்ந்து, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடித்து எழுதி வைக்கிறார்கள். ஸ்மாக்கரும் பிங்க்கும் அவ்வாறே படிக்கப்பட்டன. மேலே நான் கூறிய அகலம், உயரம், படங்களின் எண்ணிக்கை ஆகியவை கோப்பில் எங்கே இருக்கின்றன என்பதும் அத்தகையோரின் உழைப்பால் நமக்குத் தெரிய வந்ததே.

அந்த நிரலைக் கொண்டுதான் அன்று மாலை மாணவனின் கோப்பை ஓட்டினோம். தொண்ணூறு விநாடிப் படம். இன்றைய கண்ணுக்கு மிகச் சாதாரணமானது. ஆனால் அவன் தொலைபேசியில் மாமாவை அழைத்து, படம் ஓடும் ஒலியை அவர் காதில் விழச் செய்தான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"பிறர் மறைத்து வைத்ததை ஆராய்வது திருட்டு ஆகாதா?" என்று கேட்கும் வாசகர்களும் இருப்பீர்கள். நல்ல கேள்வி. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. முறையாக ஒரு நிரலைப் பெற்றவர், அதனுடன் தம் நிரல் இணைந்து இயங்கத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதனை அறிவதற்கு வேண்டியதைச் செய்யலாம். நிரலின் அடிப்படைக் கருத்தை அறிவதற்காக அது இயங்கும் விதத்தை உற்று நோக்கிச் சோதிக்கலாம். ஆனால் படம் பிறருடையதாகவே இருக்கிறது. அதைப் படியெடுத்து விற்கவோ பரப்பவோ நமக்கு உரிமையில்லை. உரிமையை மீறும் நோக்குடன் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதை 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு குற்றமாக்குகிறது. வாங்கிய புத்தகத்தைப் படிப்பதற்கும் அதைத் திருட்டு அச்சில் விற்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. பாடுபட்டுக் கண்ட முறையைப் போட்டியாளர் எடுத்துக்கொள்வார் என்று அவை அஞ்சுகின்றன. அந்த அச்சம் பொருள் விற்கும் காலம் வரை ஏற்கத்தக்கது. விற்பனை நின்ற பின்னும் விதியை மறைப்பதால் யாருக்கு இலாபம்? 'டூம்' என்ற புகழ்பெற்ற விளையாட்டு 1993-இல் வெளிவந்தது. அதைச் செய்த இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1997-இல் அதன் மூல நிரலையே வெளியிட்டது. விளையாட்டின் படங்களும் ஒலிகளும் நிறுவனத்தின் உரிமையாகவே நீடித்தன. நிறுவனம் அழிந்துவிடவில்லை. மாறாக, அந்த விளையாட்டு இன்றும் புதிய புதிய கருவிகளில் ஓடுகிறது. ஒன்றை வாழவைக்கும் வழி இதுவே என்பேன்.

ஒரே சாவி போதுமா?

இன்னொரு நிகழ்ச்சியையும் நாம் மறக்கலாகாது. வி.எல்.சி. என்ற இயக்கியை உங்களில் பலர் அறிவீர்கள். 1996-இல் பாரிசுக் கல்லூரி ஒன்றில் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001-இல் அனைவர்க்கும் திறந்து விடப்பட்ட மென்பொருள் அது. 2022 பிப்ரவரி முதல் அதன் இணையதளம் இந்தியாவில் பல வலையமைப்புகளில் திறக்கவில்லை. தடை என்றார்கள், காரணம் பொதுவில் அறிவிக்கப்படவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அதன் அமைப்பாளர்கள் சட்ட அறிவிப்பு அனுப்பினர். நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களிலும் அந்த இயக்கி நாட்டில் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. மூல நிரல் திறந்தது. பலரிடம் படிகள் இருந்தன. வேறு வழிகளில் அதைப் பெற முடிந்தது. ஒரே கதவும் ஒரே சாவியும் என்றிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும்?

என் கருத்து

இதனின்று மூன்று கருத்துகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒரு கோப்பு முறையைப் படைத்தவர், அதைக் கொண்ட பொருளின் விற்பனையை நிறுத்தும் நாளில் அதன் விதிகளை வெளியிட வேண்டும். சில பக்கங்களில் அச்சிடக்கூடிய செய்திதான். இதை நற்குணமாக மட்டும் விடாமல் வழக்கமாகவும், காலப்போக்கில் சட்டமாகவும் ஆக்க வேண்டும்.

இரண்டாவது, மக்கள் பணத்தில் உருவாகும் பாடப் படங்களும் ஆய்வுத் தரவுகளும் விதி வெளியிடப்பட்ட முறைகளிலேயே சேமிக்கப்பட வேண்டும். மின்னாளுகைக்கான திறந்த தரவரைக் கொள்கையை இந்திய அரசு 2010-இல் அறிவித்தது. பள்ளி, கல்லூரி ஆய்வுக் கூடங்களிலும் அதன் நோக்கம் நிறைவேற வேண்டும். புதிய கருவி வாங்கும்போது "விலை என்ன?" என்று கேட்கும் நாம், "இதன் கோப்பைப் பிறர் நிரலில் திறக்கலாமா?" என்றும் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது உங்களுக்கு. பழைய தட்டுகளைக் குப்பையில் எறியாதீர்கள். முதலில் கோப்புகளை அப்படியே ஒரு படியெடுத்து வையுங்கள். வேறு முறைக்கு மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஏனெனில் பெரும்பாலான மாற்றங்களில் சிறிது தரம் குறையும். நகலின் நகலின் நகல் எவ்வளவு மங்கியிருக்கும் என்று நீங்கள் அறிவீர்களே! தரம் குறையாமல் வைக்க வேண்டுமெனில் எஃப்.எஃப்.வி.1 போன்ற இழப்பற்ற முறைகள் உண்டு; அதன் முழு விதிகளும் 2021-இல் வெளியாயின. 'இலவச மாற்றி' என்று கண்ட கண்ட தளங்கள் தரும் நிரல்களை இறக்கி வைரஸை வீட்டுக்கு அழைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோப்பைத் திறந்து அதன் முதல் சில எண்களைப் பாருங்கள். உங்கள் வீட்டுப் புகைப்படக் கோப்பு ஒன்றைத் திறந்தால், அது ஜேபெக் வகையாயின், 255, 216 என்று தொடங்கும். இன்றே செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

தீபத்தன்று மாலை எதிர்வீட்டு மாணவன் மொட்டை மாடியில் நின்று மலை உச்சிச் சுடரைத் தன் தொலைபேசியில் பதிந்துகொண்டிருந்தான். பதிந்து முடித்ததும் என்னிடம் ஓடி வந்தான்.

"சார், இந்தக் கோப்பு எந்த முறையில் பதிகிறது? அதன் விதிகள் வெளியாகியிருக்கின்றனவா?"

முப்பதாண்டு கழித்து அவன் மருமகன் பரணில் எதையாவது கண்டெடுத்தால், அவன் ஏமாற மாட்டான் என்ற நம்பிக்கை எனக்கு அப்போது பிறந்தது.